நித்திரைச் செம்மல்

சத்திரம் பேருந்து நிலையத்து வாசலில், நகைக்கடை விளம்பரத்துக்கும் யாரோ ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே, புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்திருந்தது. அதில் டாக்டர் வளவன் கன்னத்தில் ஒற்றை விரலை ஊன்றிக்கொண்டு, ஊர் உலகத்தின் தூக்கத்தையெல்லாம் தன் தலையில் சுமப்பவர்போல் வானத்தைப் பார்த்து லேசாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் தங்க நிறத்தில் ஒரு மூளை, கோபுரக் கலசம்போல் ஒளிவிட்டது. கீழே ஒரு தொட்டில். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு எலி. எலியென்றால் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி இல்லை, பிள்ளையாருக்கு வாகனமாக நிற்கிற கொழுத்த எலி. ஃப்ளெக்ஸ் அடிப்பவரின் கம்ப்யூட்டரில் அதுதான் இருந்தது போலிருக்கிறது.

"ஆட்டிசத்தின் வேரைக் கண்ட அறிவியல் ஞாயிறே! தாலாட்டு இயக்கத்தின் தலைமகனே! வருக! வருக!" என்றது மேல்வரி. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் அவருக்கு 'நித்திரைச் செம்மல்' பட்டம் தரப்போவதாகச் சொன்னது கீழ்வரி.

தென்னூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய மெஹ்ரீன், தலைவலி வந்தவள்போல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் நின்றாள். வார்டு பிரமுகர்களின் முகங்கள் வழக்கமாக வரிசைகட்டும் அடி ஓரத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தன. ஒரு வட்டத்துக்குள் அவள் முகம். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். 'ஆய்வுத் துணை: முனைவர் மெஹ்ரீன்.'

இன்ஸ்டிட்யூட் வேனுக்காகக் காத்திருந்த பிரிட்டோ பக்கத்தில் வந்து நின்றான். டாக்டர் வளவன் தலைமையிலான பொன்னி மூளை ஆய்வு நிறுவனத்தில் எலிகள் இருக்கும் அறைகளுக்கு அவன்தான் பொறுப்பு.

"உங்களுக்காவது வட்டம் குடுத்தாங்க மேடம். என்னைய அந்த எலிக்குப் பின்னாடி உக்கார வெச்சிருக்காங்க போல, தெரியவே இல்ல."

"பிரிட்டோ, ஆட்டிசத்தோட வேரை நாம எப்ப கண்டோம்?"

"நான் எலிக்கூண்டு கழுவறவன் மேடம். வேரு, கிளையெல்லாம் எனக்குத் தெரியாது. போன வாரம் பேப்பர்ல போட்டாங்கல்ல, அப்பதான் கண்டிருப்போம்."

பேப்பரில் போட்டிருந்தார்கள். நன்றாகவே போட்டிருந்தார்கள். 'தாலாட்டு மறந்த தாய்மார்களால் ஆட்டிசம்: திருச்சி விஞ்ஞானி அதிரடிக் கண்டுபிடிப்பு.' அதற்குள் டாக்டர் வளவன் சொன்னதாக ஒரு வாசகம், கட்டம் கட்டி: 'கைபேசியைக் கீழே வையுங்கள், குழந்தையைத் தூங்க வையுங்கள். தாய்மார்களே, விழித்துக்கொள்ளுங்கள்!'

மெஹ்ரீன் செய்த ஆய்வில் தாய்மாரும் இல்லை, கைபேசியும் இல்லை. இருந்தவை சுண்டெலிகள். ஆட்டிசம் உள்ள சிலரிடம் ஒரு குறிப்பிட்ட ஜீன் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதே ஜீனை மாற்றிப் பிறக்கவைத்த எலிகள் ஒரு பக்கம், எதையும் மாற்றாத எலிகள் மறுபக்கம். இரண்டு வகைக் குட்டிகளும் எப்படித் தூங்குகின்றன என்று கூண்டின் அடியிலிருக்கும் தகடு மூச்சசைவை வைத்துக் கணக்கெடுக்கும். வளர்ந்த பிறகு மற்ற எலிகளோடு எப்படிப் பழகுகின்றன என்று பார்ப்பார்கள். ஜீன் மாறிய குட்டிகள் துண்டு துண்டாகத் தூங்கின. வளர்ந்தபின் மூலையில் ஒதுங்கின. எதனால் எது வந்தது என்று தெரியாது, மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்று மெஹ்ரீன் தன் அறிக்கையில் எழுதியிருந்தாள். டாக்டர் வளவன் அந்த அறிக்கையில் 'தூக்கம்' என்ற சொல்லையும் 'ஆட்டிசம்' என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவளிடமே விட்டுவிட்டார்.

ஃப்ளெக்ஸோடு போயிருந்தால் தலைவலியோடு போயிருக்கும். ஆனால் அவள் அக்கா ஷாஜியாவின் மகன் பாசிலுக்கு ஆட்டிசம்.

*

அன்று சாயங்காலம், அக்காவும் தானும் இருக்கும் தென்னூர் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது, ஷாஜியாவின் மாமியார் சாரா பீவி நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். லால்குடியிலிருந்து வந்திருந்தாள். மடியில் அந்தப் பேப்பர், நான்காக மடித்து, மடிப்புக் கிழியும் அளவுக்கு ஊரெல்லாம் காட்டப்பட்டு.

"வாம்மா விஞ்ஞானி. உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி."

"வ அலைக்கும் ஸலாம். நான் இத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்தேன். புள்ளையைத் தூங்க வைக்கத் தெரியல, தூங்க வைக்கத் தெரியலன்னு. மாமியாக்காரி சொல்றான்னு காதுல போட்டுக்கலை. இப்ப பேப்பர்லயே வந்துருச்சு. அதுவும் யாரு? கூடப்பொறந்த தங்கச்சியே கண்டுபிடிச்சிருக்கா!"

"மாமி, நான் அப்படிச் சொல்லவே இல்ல. அது—"

"உன் போட்டோ போட்டிருக்கு."

"போட்டோ போட்டா? நான் சொன்னது எலிகளைப் பத்தி."

"எலிக்குத் தெரியுது, இவளுக்குத் தெரியலையே!"

ஷாஜியா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.  பாசில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் தரையில் சுழற்றுவதும் அது சுழன்று சாய்வதைப் பார்ப்பதுமாக இருந்தான். அவனுக்கு அது போதும். சாரா பீவிக்குப் போதவில்லை. பேரன் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதில் தப்பு சொல்ல முடியாது. அவள் குனிந்து அவன் முகத்துக்கு நேரே கையைத் தட்டினாள். வளையல்கள் கலகலத்தன. "பாசிலு! பாசிலு! இங்க பாருடா ராசா, பாட்டியைப் பாரு!" விரலைச் சொடுக்கினாள். மறுபடி தட்டினாள். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முட்டிக்குள் தலையைப் புதைத்தான்.

"பாத்தியா? தூக்கமில்லாத புள்ள. அதான் இப்படி இருக்கு."

இந்தக் கைதட்டல் சாரா பீவியோடு நிற்பதில்லை. வீட்டுக்கு வரும் அத்தனை பேரும் தட்டினார்கள். அத்தைமார், மச்சான்மார், பக்கத்து வீட்டுக்காரர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூட. காது கேட்கிறதா என்று பார்க்கத் தட்டினார்கள், பார்க்கிறானா என்று பார்க்கத் தட்டினார்கள். தட்டிவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அப்படிக் கலைந்த அவன் தூக்கத்தை ஷாஜியா திரும்பக் கூட்டிவர வேண்டும். மின்விசிறியை ஒரே வேகத்தில் வைத்து, தன் பழைய துப்பட்டாவால் அவனை இறுகச் சுற்றி, முதுகில் ஒரே இடத்தில் கையை அழுத்தி. அவன் தூங்கினால் அவள் உட்கார்ந்தபடி தூங்குவாள். அதையெல்லாம் பேப்பரில் போடவில்லை.

சாரா பீவி போனை நீட்டினாள். ஷார்ஜாவிலிருந்து மகன் நவ்ஷாத் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ். பேச்சுக்குப் பின்னால் லாரி இரைச்சல். "ஷாஜியா, அம்மா அனுப்புனாங்க, படிச்சேன். டாக்டரே சொல்றாருல்ல. கொஞ்ச நாள் பாசில் லால்குடில அம்மாகிட்ட இருக்கட்டும். நீ தப்பா எடுத்துக்காத. நீயும் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை அந்தப் பெரிய டாக்டரு ஸ்ரீரங்கத்துல பேசுறாராம்ல," என்றாள் சாரா பீவி. "நானும் வரேன். அவரு வாயாலயே கேட்டுட்டு, அப்படியே புள்ளையைக் கூட்டிக்கிட்டு லால்குடிக்குப் போயிடறேன். இன்ஷா அல்லாஹ், நான் தூங்க வெச்சுக் காட்டறேன்."

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போதுதான் ஷாஜியா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"நீ எலிங்களுக்கு என்ன பண்ணினியோ எனக்குத் தெரியாதுடி. எனக்கு என்ன பண்ணியிருக்கேன்னு பாரு."

*

டாக்டர் வளவனின் அறையில் கேடயங்களுக்கு நடுவே கொஞ்சம் சுவரும் இருந்தது. மெஹ்ரீன் உள்ளே போனபோது அவர் போனில் இருந்தார்.

"இல்ல இல்ல, 'துயில் வேந்தர்' வேண்டாம்யா. ஏதோ தூங்கிக்கிட்டே இருக்கறவன் மாதிரி இருக்கு. நித்திரைச் செம்மல்தான் கம்பீரம். பொன்னாடை மட்டும் போன தடவை மாதிரி நைலான்ல வாங்கிடாதீங்க, கழுத்து அரிக்குது." போனை வைத்தார். "உட்காரும்மா. பேனர் பார்த்தியா? உன் படமும் போடச் சொன்னேன். இளைய தலைமுறையைத் தட்டிக்கொடுக்கணும் இல்லையா?"

அவர் பேசும்போது வலது கை மோதிர விரல் மேஜைக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கும். நவரத்தின மோதிரம். டொக், டொக். எந்த வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி அதுதான்.

"சார், பேப்பர்ல வந்ததை மறுத்து ஒரு அறிக்கை குடுக்கணும். அம்மா தூங்க வைக்காததால ஆட்டிசம் வருதுன்னு நம்ம ஆய்வுல எங்கேயும் இல்ல. 'அம்மா'ங்கற வார்த்தையே இல்ல."

"எலிக்கு அம்மா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம்?" என்று சாய்ந்து உட்கார்ந்தார், வாதத்தில் ஜெயித்தவராக. டொக்.

"சார், பாசமில்லாத அம்மாக்களாலதான் ஆட்டிசம்னு வெளிநாட்டுல ஒரு காலத்துல சொன்னாங்க. எத்தனையோ குடும்பத்தை அழ வெச்சாங்க. அது தப்புன்னு தெரிஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு. அதையே நாம எலி வாயால மறுபடி சொல்றோம்."

"மெஹ்ரீன், சயின்ஸ் மக்கள்கிட்ட போகணும்மா. மக்கள்கிட்ட போய் ஜீன் மாறியிருக்குன்னு சொன்னா, சரின்னு போயிடுவாங்க. ஜீனைத் திட்ட முடியுமா? தாய்னு சொன்னாத்தான் நெஞ்சுல தைக்கும்."

"அப்பான்னு சொல்லலாமே சார்?"

"அப்பா வேலைக்குப் போகணும்ல?" டொக்.

அக்காவின் கதையைச் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடி உருக்கமாகக் கேட்டார். முடிந்ததும், "இதை மேடையிலேயே சொல்லலாம், நல்லா எடுபடும்," என்றார். பிறகு, உருக்கம் என்றதும் நினைவு வந்தவராக: "விழாவுல காட்ட ஒரு வீடியோ வேணும். தூங்காமத் தவிக்கிற குட்டி, கண்டுக்காத தாய். அந்த மாதிரி ஒரு சீன் எடுத்துக் குடு. நீதான் மேடையில போட்டு விளக்கணும். பத்துக் குடும்பம் திருந்தினா அந்தப் புண்ணியம் உனக்குத்தான்."

 வெளியே வந்தவளுக்குக் கோபத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று படிக்கட்டு வரை தோன்றியது. விட்டால் வேறு யாராவது அந்த சீனை எடுத்துக்கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சாரா பீவி அதைப் பார்த்துவிட்டுப் பாசிலைக் கூட்டிக்கொண்டு போவாள். கண்டுக்காத தாய் எங்கே இருக்கிறாள் என்று தானே பார்த்துவிடுவது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

*

எலிக் கூண்டுகளுக்கு மேலே கேமரா உண்டு. ஆனால் அந்த வீடியோக்களை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மூச்சசைவுத் தகடு தரும் எண்களை மென்பொருள் கூட்டிக் கழித்து வரைபடமாகக் கொடுத்துவிடும். மெஹ்ரீன் வரைபடத்தைத்தான் பார்ப்பாள்.

இப்போது பார்த்தாள். ஜீன் மாறிய எலிகளின் கூண்டு. சுண்டெலிகள் பகலில் தூங்கி இரவில் நடமாடுகிற ஜாதி. பகல் வெளிச்சத்தில் தாய் எலி குட்டிகளைக் கூட்டுக்குள் சேர்த்து, மேலே படுத்திருந்தது. எல்லாம் தூங்கின. திடீரென்று ஒரு சத்தம். தாய் துள்ளி எழுந்தது. குட்டிகள் சிதறின. தாய் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக் கூண்டின் மறுமூலைக்குக் கொண்டுபோனது. பஞ்சைக் கிழித்துச் சுற்றிலும் அணைகட்டியது. மறுபடி படுத்தது. தூங்கின. மறுபடி அந்தச் சத்தம்.

டொக். டொக்.

மெஹ்ரீன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். திரையின் ஓரத்தில், கூண்டுக்குப் பின்னால், பார்வையாளர் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே பொன்னாடை போர்த்திய யாரோ ஒரு பிரமுகர். அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு கண்ணாடியைத் தட்டியது. விரலில் நவரத்தின மோதிரம்.

நிறுவனத்துக்கு வராத பிரமுகர் இல்லை. ரோட்டரி, லயன்ஸ், தமிழ்ச் சங்கம், வாக்கர்ஸ் கிளப், பக்கத்து மாவட்டத்துப் பட்டிமன்ற நடுவர். எல்லோரையும் டாக்டர் வளவன் கண்ணாடி முன்னால் கூட்டிவந்து நிறுத்துவார். பகலில் வருவார்கள். எலிகள் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்கும் எலியைக் காட்டினால் விருந்தாளிக்கு மரியாதை இல்லை என்று, தட்டி எழுப்பிக் காட்டுவார். கண்ணாடியை ஒட்டி ஜீன் மாறிய எலிகளைத்தான் வைக்க வேண்டும், 'ஆட்டிச எலிகள்' என்று போர்டு மாட்ட வேண்டும் என்று உத்தரவிட்டவரும் அவர்தான். சாதாரண எலிகளைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? அவை பின்னறையில், ஆளரவமில்லாமல், சொகுசாகத் தூங்கி வளர்ந்தன.

"பிரிட்டோ!" என்று கூப்பிட்ட குரலில் அவன் கையில் வாளியோடு ஓடிவந்தான். பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான்.

"நான் அப்பவே சொன்னேனே மேடம், ஸ்பெஷல் எலிக்குப் பால்கனி, சாதா எலிக்குப் பெஞ்சு டிக்கெட்டுன்னு. ஜோக்குன்னு நினைச்சு நானே சிரிச்சேன்."

"நானும்தான் சிரிச்சேன்," என்றாள் மெஹ்ரீன். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் நிறுவனம் பூட்டியிருந்தது. பிரமுகர்களெல்லாம் கரும்பு கடித்துக்கொண்டிருந்த நாட்கள். அந்த நாட்களின் வீடியோவைப் போட்டாள். கண்ணாடியோரத்துக் குட்டிகள் பின்னறைக் குட்டிகளைப் போலவே அடித்துப்போட்டதுபோல் தூங்கின. அந்த ஜீன் தூக்கத்தைத் தொடவே தொடாது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மற்ற ஆய்வுக்கூடங்களில் வேறுவிதமாகவும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கூண்டில் இந்தக் குட்டிகளின் தூக்கத்தைக் கெடுத்தது யார் என்பதற்கு ஜீன் வரைக்கும் போக வேண்டியதில்லை. மோதிரம் வரைக்கும் போனால் போதும்.

உடனே போய் டாக்டர் வளவனிடம் காட்டினாள். அவர் தன் கையைத் திரையில் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த தன் கையைப் பார்த்தார்.

"வெளிச்சம் நல்லா இல்ல," என்றார்.

"சார், இந்த ஆய்வே செல்லாது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும். விழாவைத் தள்ளி வைக்கணும்."

"மண்டபம் புக் பண்ணியாச்சும்மா. ஞாயிறு முடியட்டும், அப்புறம் உண்மை என்னன்னு உட்கார்ந்து பார்ப்போம். நீ வீடியோல அந்த ஓரத்தை மட்டும் வெட்டிடு."

*

ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகும் வழியிலிருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில், முதல் நாள் கல்யாணத்தின் பூத்தோரணத்தையே தாலாட்டு இயக்கத்துக்கும் விட்டுவைத்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தாலாட்டுப் போட்டி நடந்தது. வென்றவருக்குக் குழந்தை கிடையாது, கல்லூரி மாணவி. வாழ்த்துரை வழங்கியவர்கள் ஒவ்வொருவரும் 'ஒரே ஒரு நிமிடம்' என்று ஆரம்பித்தார்கள். மேடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் இயக்கத்தின் நோக்கத்தை அங்கேயே நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பின்வரிசையில், ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு சிறுமி சத்தம் தாங்காமல் கத்தினாள். பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் ஓடிவந்து அவள் அம்மாவிடம் சொன்னார்: "ஆட்டிசம் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்கம்மா. குழந்தை தொந்தரவா இருக்கு, கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க." அந்த அம்மா பெலிண்டா, மேலப்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கதவோரமாகப் போய் நின்றாளே ஒழிய, வெளியே போகவில்லை.

நான்காவது வரிசையில் சாரா பீவி, மடியில் பேப்பரோடு. பக்கத்தில் ஷாஜியா. பாசிலை அவன் தாத்தா, ஷாஜியாவின் அத்தா அப்துல் சுக்கூர், வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய துணிகளை ஒரு பையில் மடித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் சாரா பீவி. ஷாஜியா மடித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள், பழைய துப்பட்டா உட்பட.

டாக்டர் வளவன் மைக் முன்னால் வந்தார். மோதிரத்தால் அதைத் தட்டிப் பார்த்தார். டொக், டொக். மண்டபம் அதிர்ந்தது. "தாய்மை என்பது விழித்திருப்பது," என்று தொடங்கி, தமிழ்த் தாய், காவிரித் தாய் என்று எல்லாத் தாய்களையும் வரிசையாகக் கும்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த தாய்மார்களைத் திட்ட ஆரம்பித்தார். கைபேசி பார்க்கிறார்கள் என்றார். சீரியல் பார்க்கிறார்கள் என்றார். "எலிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது!" கைதட்டல். "இப்போது என் மாணவி அதைக் கண்ணெதிரே காட்டுவார்."

மெஹ்ரீன் வீடியோவைப் போட்டாள். ஓரத்தை வெட்டவில்லை. சத்தத்தையும் குறைக்கவில்லை.

பெரிய திரையில் தாய் எலி குட்டிகளைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. மண்டபம் 'ஓ' என்று உருகியது. டொக், டொக். தாய் துள்ளி எழுந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக் கவ்வி, கண்ணாடிக்குத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டது. பஞ்சைக் கிழித்து அணைகட்டியது. மறுபடி டொக், டொக். மறுபடி முதலிலிருந்து. யாரும் விளக்கம் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யோ, பாவமே" என்று ஒரு குரல் வந்தது. கொஞ்ச நேரம் முன்னால் மைக்கில் கேட்ட சத்தம்தான் இது என்று ஒவ்வொரு வரிசையாக உறைக்க ஆரம்பித்தது. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அல்ல; பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு.

கதவோரத்திலிருந்து பெலிண்டா கேட்டாள்: "சார், அந்த மோதிரம் யாருது?"

டாக்டர் வளவன் வலது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார்.

"இந்த எலிங்களைத் தூங்க விடாதது அவங்க அம்மா இல்லீங்க," என்றாள் மெஹ்ரீன். "நாங்க. விருந்தாளிங்களுக்கு வேடிக்கை காட்டறதுக்காகத் தட்டித் தட்டி எழுப்பினோம். அப்புறம் தூங்கலைன்னு கணக்கெடுத்தோம். அப்புறம் அம்மாதான் காரணம்னு பேப்பர்ல போட்டோம். பேப்பர்ல வந்தது தப்பு. ஆட்டிசம் இருக்கிற நிறைய குழந்தைங்களுக்குத் தூக்கம் கஷ்டம், அது உண்மை. ஆனா அம்மா தாலாட்டு பாடலைன்னு யாருக்கும் ஆட்டிசம் வர்றதில்ல."

தொகுப்பாளர் பாய்ந்து வந்தார். "நேரமின்மை காரணமாக, அடுத்ததாகப் பொன்னாடை..." மைக் அணைந்தது. மெஹ்ரீன் அணைந்த மைக்கிலேயே தொடர்ந்தாள். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது.

அப்போது நான்காவது வரிசையில் சாரா பீவி எழுந்து நின்றாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்கு மைக் என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

"டாக்டரே! நான் லால்குடிலேர்ந்து வந்திருக்கேன். நீங்க எழுதினதை நம்பி, என் பேரனைப் பெத்தவகிட்டேர்ந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்குத் துணியெல்லாம் மடிச்சு வெச்சாச்சு. கூட்டிட்டுப் போகட்டுமா, வேணாமா? உங்க வாயால சொல்லுங்க."

டாக்டர் வளவன் புன்னகைத்தார். ஃப்ளெக்ஸில் இருந்த அதே புன்னகை. இங்கே கொஞ்சம் சுருங்கியிருந்தது. "அம்மா, இது தனிப்பட்ட கேள்வி. நேர்ல வந்து பாருங்க."

"நேர்லதான வந்திருக்கேன்? ஊருக்கே சொன்னீங்க, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?"

"நான் பொதுவா சொன்னேன்மா. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல."

"பொதுவா சொன்னீங்களா? இவ பொதுவுல இல்லையா?" பக்கத்திலிருந்த மருமகளின் தோளைப் பிடித்து எழுப்பியே விட்டாள். "இவளைப் பாருங்க. இவ கண்ணைப் பாருங்க. தூங்கி எத்தனை நாளாச்சோ. நானும் திட்டினேன், நீங்களும் திட்டினீங்க. நான் படிக்காதவ, வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீங்க எலியை வெச்சுப் பாத்துட்டுத்தான பேசினீங்க? எலியையாவது ஒழுங்காப் பாத்தீங்களா?"

பின்வரிசை கைதட்டியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. பெற்றோர்கள் அதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த அமைதியில் மேடையில் யாரோ குறட்டை விடுவது கேட்டது.

பட்டம் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருப்பார்களா? கேடயத்தில் பெயர் பொறித்தாயிற்று. நைலான் இல்லாத பொன்னாடையே போர்த்தினார்கள்.

*

மெஹ்ரீன் எதிர்பார்த்த வேலைநீக்கம் வரவில்லை. அதைவிட மோசமாக ஒரு சுற்றறிக்கை வந்தது. 'ஆய்வக விலங்குகளின் துயில் உரிமை காக்கும் முன்னோடித் திட்டமாக' கண்ணாடிக்குத் திரை போடப்படும் என்றும், அந்தத் திரையை நித்திரைச் செம்மல் திறந்துவைப்பார் என்றும். நண்பகலில், தவில் நாதஸ்வரத்தோடு திறந்துவைத்தார். பின்னறைச் சாதா எலிகள்கூட எழுந்து உட்கார்ந்தன என்றான் பிரிட்டோ. சத்திரம் பேருந்து நிலையத்து ஃப்ளெக்ஸில் மெஹ்ரீன் முகமிருந்த வட்டத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். காற்று அந்த ஓட்டை வழியாகத் தாராளமாகப் போய்வந்தது. அவள் ஊர்ப் பத்திரிகைகளுக்கு மறுப்பு எழுதி அனுப்பினாள். ஒரே ஒரு பத்திரிகை, உள்பக்கத்தில், தூக்க மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே போட்டது.

சாரா பீவி அதைக் கத்தரித்து, பழைய பேப்பருக்கு மேலே வைத்து மடித்துக்கொண்டாள். ஷார்ஜாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "புள்ள தாய்கிட்டயே இருக்கட்டும் நவ்ஷாது. அந்தாளு சொன்னதெல்லாம் பொய்யி. உனக்கு ரொம்ப அக்கறையா இருந்தா, லீவு போட்டு வந்து நீ ரெண்டு நாளு முழிச்சிரு." துணிப்பை பிரிக்கப்பட்டது. அவளும் லால்குடிக்குப் போகவில்லை. ஷாஜியா கொஞ்சம் படுத்தால் தேவலை, தான் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று தங்கிவிட்டாள். துப்பட்டாவை எப்படிச் சுற்றுவது, முதுகில் எந்த இடத்தில் கையை வைப்பது என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டாள். கேட்டதை ஒப்புக்கொள்ளவில்லை, சரியாகச் செய்கிறாளா என்று சோதித்ததாகச் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பாசில் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளறையில் ஷாஜியா, படுத்தே தூங்கினாள். கீழ்வீட்டு அல்ஷிஃபா தன் ஓர்ப்படியையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தாள். "பாசில் எங்க? பார்க்கலாம்னு வந்தோம்," என்று சொல்லியபடியே தட்டுவதற்குத் தோதாக இரண்டு கையையும் விரித்தாள்.

சாரா பீவி கதவை மறித்து நின்றாள். வளையல்கள் அவள் கையில் இல்லை. ஜன்னல் திட்டில் கழற்றி வைத்திருந்தாள்.

"யாரும் உள்ள வரக்கூடாது! தட்டிப் பாக்கறது, சொடுக்கிப் பாக்கறது, அந்த வேலையெல்லாம் இனிமே இந்த வீட்டுல கெடையாது! சத்தம் போடாதீங்கடி, புள்ள தூங்குது!"

தென்னூர் முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே பாசில் எழுந்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். ஷாஜியாவும் எழுந்துவிட்டாள். மாமியார் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள், பிறகு துப்பட்டாவை எடுத்தாள்.